பதினோராம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில

எனக்கு இத முதல்ல சொன்னது மிலேனா. செர்பியாக்காரி, இங்க வாடகைக்கு இருந்தவ. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, நான் இந்தக் குவாங்சோவுக்கு வந்து இறங்குன வருஷம், இதே லிஃப்ட்ல, இதே மாதிரி மாட்டிக்கிட்டப்போ சொன்னா. லிஃப்ட் நின்னுடுச்சுன்னா கண்ட பட்டனையும் போட்டு அமுக்கக் கூடாதும்மா, அந்த மஞ்சள் மணிய ஒரு தடவ அமுக்கணும், சுவத்துல முதுகு படற மாதிரி தரையில உக்காரணும், அப்புறம் பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னாத்தான் பயம் உள்ள வரும்னா. அதனால அந்தக் கதவுலேர்ந்து கைய எடு ருத்தா. உன் நகம் உடையும், கதவு உடையாது. வா, உக்காரு இப்படி. தரை ஈரமாத்தான் இருக்கும். இந்த மாசம் இந்த ஊர்ல எல்லாமே வேர்க்கும், சுவரு, கண்ணாடி, அலமாரிக்குள்ள மடிச்சு வச்ச துணி கூட. இந்தா, இந்தப் பை மேல உக்காரு. போர்வதான் உள்ள இருக்கு, நசுங்காது.

மணி அமுக்கிட்டேன். இரு, பேசறான் பாரு.

ஆமாங்க, மூணாவது கட்டடம், இடது பக்க லிஃப்டு. பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவில. ரெண்டு பேரு. ஒண்ணு நானு, ஷாவ்போவோட அம்மா. இன்னொண்ணு புதுசா வந்த பொண்ணு. மூச்செல்லாம் நல்லா விடறோம். எவ்வளவு நேரம்? அரை மணியா? சரிங்க, பாத்துப் பண்ணுங்க. இல்லல்ல, என் பையனுக்கெல்லாம் போன் போடாதீங்க. அவன் ஃபோஷானுக்கு சோஃபா பாக்கப் போயிருக்கான், வேலையில இருக்கற புள்ளைய எதுக்குப் பதற வைக்கணும். வச்சிடுங்க.

புரிஞ்சுதா உனக்கு அவன் பேசினது? எனக்கும் பாதிதான் புரிஞ்சுது. அது இந்த ஊர் பாஷை. நான் ஹெனான் மாகாணத்துல, ஷின்யாங் பக்கம். சந்தையில நான் வாயத் திறந்தா மீன்காரன் இப்பவும் சிரிக்கறான். ஏழு வருஷமா சிரிக்கறான், அவனுக்கு அலுக்கவே இல்ல. நீ நாலு வருஷம் காலேஜ்ல சீனம் படிச்சுட்டு புத்தகம் வாசிக்கற மாதிரி பேசற, உன்னப் பாத்து ஒருத்தனும் சிரிக்கல. நேத்து டாக்சிக்காரன் உன்ன மெச்சிட்டு என்னப் பாத்து என்ன சொன்னான் தெரியுமா? அம்மா, நீங்க எந்த நாடுன்னு கேட்டான்.

அப்படிச் சிரி. அது போதும்.

மணி என்ன ஆச்சு? உன் போன்ல பாரு. சிக்னல் கிடைக்காது, மணி காட்டும்ல. பத்தேகாலா? நல்லது, இன்னும் நேரம் இருக்கு. என் போனா? வீட்ல மறந்து வச்சிட்டேன்.

இங்க கேளு. நீ நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு வந்து இறங்குன. இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணியாகணும். ஒரு மணின்னு நீ நெனப்ப. ஆனா பன்னெண்டு அடிச்சா அங்க இருக்கற அம்மா சோத்து டப்பாவத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடும். ரெண்டரைக்குத்தான் திரும்பி வரும். அப்ப உனக்கு நேரம் தாண்டியிருக்கும். திட்டுவாங்க, எழுதி வாங்குவாங்க, அடுத்த தடவ விசா புதுப்பிக்கப் போறப்போ அது தலை நீட்டும். அதனால பன்னெண்டுக்குள்ள. ஸ்டேஷன் எங்கன்னு சொல்லட்டுமா? பெரிய வாசல் வழியா வெளிய வந்து இடது கைப்பக்கம், வாத்து தொங்கவிட்ட கடை ஒண்ணு வரும், அதத் தாண்டி ஒரு பாங்கு, அதுக்கு அடுத்த சந்து. நீல போர்டு. பெரிய கவுண்டருக்குப் போகாத, அங்க சைக்கிள் காணோம்னு வந்தவங்க நிப்பாங்க. பக்கத்துல கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ரூம்.

ஆமா, நான் கூட வர்றதாத்தான் பேச்சு. இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கோ. எங்க போனாலும் வழி உன் தலைக்குள்ள இருக்கணும், அடுத்தவங்க தலைக்குள்ள இருக்கக் கூடாது.

அந்தம்மா பேரு சென். முகம் கடுகடுன்னு இருக்கும், மனசு நல்லது. ஒரு சீட்டு அடிச்சுக் குடுக்கும். அந்தச் சீட்டத் தூக்கிப் போட்டுடாத. பாங்குல கேப்பாங்க, விசா ஆபீஸ்ல கேப்பாங்க. நீ வேற ஊருக்குப் போயி ஓட்டல்ல தங்கிட்டு வந்தா மறுபடி ஒரு தடவ பதிவு பண்ணிக்கோ, கேக்கலன்னாலும் பண்ணிக்கோ.

அப்புறம் பேரு. உன் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ, எந்த வார்த்த முன்னாடி எந்த வார்த்த பின்னாடி, அப்படியே எல்லா எடத்துலயும் இருக்கணும். சிம் கார்டு, பாங்கு, ரயில் டிக்கெட்டு. மிலேனாவுக்கு நடுப்பேரு ஒண்ணு இருந்துச்சு, அவங்க அப்பா பேரு. பாங்குல அத விட்டுட்டாங்க, போன்ல சேத்துட்டாங்க. மூணு மாசம் போன் வழியா காசு குடுக்க முடியாம அலைஞ்சா பாவம். ஒரு முட்ட வாங்கணும்னா கூட என்கிட்ட வந்து நிப்பா.

அவதான் இன்னொண்ணும் சொன்னா. பாஸ்போர்ட்ட யார் கேட்டாலும் கையில குடுக்காத. பள்ளிக்கூட மொதலாளி, பத்திரமா வச்சுத் தர்றேன்னு சொல்றவரு, தலையில நரை விழுந்த பெரிய மனுஷரு, யாரா இருந்தாலும் சரி, நகல குடு. அவளோட ஸ்கூல்ல பத்திரமா வச்சிருக்கோம்னு வாங்கி ஒரு மாசம் பூட்டி வச்சுட்டாங்க. அவ அழுதுக்கிட்டே என் சமையல்கட்டுல உக்காந்து சொன்னா, அம்மா, அந்தப் புத்தகம் என்கிட்ட இல்லாதப்போ எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்குன்னு. நான் அவளுக்குப் பட்டாணி சூப்பு ஊத்திக் குடுத்துட்டு, என் அடையாள அட்டை எங்கன்னு அன்னிக்குத்தான் யோசிச்சுப் பாத்தேன். என் பையன் மேசை டிராயர்ல இருந்துச்சு. பத்திரமாத்தான்.

சே, அப்படிப் பாக்காத. என் பையன் கெட்டவன் இல்ல. இந்தக் கட்டடத்துல ஒம்பது வீடு வாடகைக்கு எடுத்து, உன்ன மாதிரி வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு விடறான். தூங்கறதே அஞ்சு மணி நேரம். ஒம்பது வீட்டுக்கும் சாவி குடுக்கறது, போர்வ தொவைக்கறது, எந்தப் பைப்பு ஒழுகுதுன்னு பாக்கறது, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் நானு. நான் இல்லன்னா ஆள் வச்சுக்கணும். ஆள் வச்சா, ராத்திரி காய்ச்சல்ல கெடக்கற பிரேசில் பையனுக்கு எவன் கஞ்சி வச்சுக் குடுப்பான்? அவன் அப்படித்தான் சொல்லுவான், அம்மா, உங்கள மாதிரி யாரும் வராதுன்னு. ரொம்பப் பாசமா சொல்லுவான். அந்தப் பாசத்தத் தாண்டிப் போக வழி தெரியாம ஏழு வருஷம் ஓடிப்போச்சு.

என் வீட்டுக்காரரா? இருக்காரு. வுஹான்ல. என் பொண்ணு ஷாவ்ஹுய் வீட்ல.

சண்டையெல்லாம் இல்லம்மா. உங்க நாட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு ஊர்ல இருந்தா சண்டைன்னு அர்த்தமா? இங்க பிள்ளைங்க ரெண்டுன்னு அர்த்தம். எங்க ஊர் வீட்ல புத்தாண்டு ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து ரெண்டு பேரும் பேசி முடிச்சாங்க. அக்கா வுஹான்ல பள்ளிக்கூடத்து வாசல்ல நோட்டுப் புத்தகக் கடை வைக்கறா, கல்லாவுல நம்பிக்கையா உக்கார ஒரு ஆள் வேணும். தம்பி குவாங்சோவுல வீடு எடுக்கறான், வீடு பாத்துக்க ஆள் வேணும். அப்பா அக்காவுக்கு, அம்மா தம்பிக்கு. ஒருத்தருக்கு ரெண்டு பேரும் போனா இன்னொருத்தருக்கு மனசு கஷ்டம்ல? ரொம்ப நியாயமாப் பிரிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் மீனுல முள் எடுத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். எங்களக் கேட்டாங்க, சரியாம்மா, சரியாப்பான்னு. நல்ல பிள்ளைங்க, கேக்காம செய்ய மாட்டாங்க. அவரு என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். ரெண்டு பேரும் சரின்னோம். வேற என்ன சொல்றது, சாப்பாட்டு மேசையில.

நாலு மணி நேரம்தான் ரயிலு. நாலு மணி நேரம்.

போலாம், ஏன் போக முடியாது. போலாம்னு கிளம்புவேன், யாராவது வந்து இறங்குவாங்க. அம்மா, இந்த கானா நாட்டு வியாபாரி வந்துட்டுப் போகட்டும். அம்மா, இந்த மாணவங்க தேர்வு முடியட்டும். புத்தாண்டுக்கு மட்டும் பாத்துப்போம். இந்தப் புத்தாண்டுக்கு அதுவும் இல்ல. அப்பாவுக்கு சளி, தொத்திக்கும், நீங்க வர வேணாம்னு பொண்ணு சொல்லிட்டா. போன வாரம் கேட்டேன், இவன் சொன்னான், அம்மா, திங்கக்கிழம லித்துவேனியாலேர்ந்து ஒரு பொண்ணு வருது, அத ஸ்டேஷன்ல பதிஞ்சு விட்டுட்டு அப்புறம் பாக்கலாம்னு.

நீதான். உன்ன நான் குத்தம் சொல்லல கண்ணு. நீ என்ன பண்ணுவ.

இரு, மேல ஏதோ சத்தம். இல்ல, அது பக்கத்து லிஃப்டு. இந்தா, இந்த மணிமாலைய கையில வச்சு உருட்டு. நூத்தியெட்டு இருக்கு. நீ எங்க குவான்யின் தாய வேண்ட வேணாம், உன் சாமிய வேண்டிக்கோ, மணிக்கு வித்தியாசம் தெரியாது. முன்னாடியெல்லாம் நான் தினமும் காலைல அஞ்சு மணிக்கு ஊதுவத்தி ஏத்துவேன். புகை மணி கத்துதுன்னு ஷாவ்போ பாட்டரி விளக்கு வாங்கிக் குடுத்துட்டான். செவப்பா எரியும். பரவால்ல, தாய்க்கு எல்லாம் தெரியும். பேட்டரி மாத்த மறந்தா மட்டும் கொஞ்சம் கோவம் வரும்னு நெனக்கறேன்.

ஆங், சாமின்னதும் ஞாபகம் வந்துச்சு. உன் மாடியில, எதிர் வீட்டு வாசல்ல, தரையோட தரையா செவப்பா ஒரு சின்னப் பலக இருக்கும், முன்னாடி ரெண்டு ஆரஞ்சு, மூணு சின்னக் கோப்பை. வாசல் காக்கற நிலத்துச் சாமி. நேத்து உன் பெட்டி சக்கரம் அத ஒரசிட்டுப் போச்சு. நான் நகத்தி வச்சிட்டேன், அவங்க பாக்கல. இனிமே சுத்திப் போ. எதிர் வீட்டம்மா ஒண்ணும் சொல்லாது, ஆனா ஒரு வருஷத்துக்கு உன்னப் பாத்து சிரிக்காது.

வெளிய சாப்பிடப் போனா தேநீர் ஊத்தறவங்களுக்கு ரெண்டு விரலால மேசையத் தட்டு, அதுதான் நன்றி. கெண்டி காலியாச்சுன்னா மூடியத் தள்ளி வை, கத்திக் கூப்பிடாத, அவங்களே வந்து ஊத்துவாங்க. குழாய்த் தண்ணிய அப்படியே குடிக்காத. சுவர் வேர்க்கற இந்த நாள்ல ஜன்னலத் திறந்தா காயும்னு நெனப்ப, திறக்காத, இன்னும் வேர்க்கும். பார்சல் வந்தா போனுக்கு ஒரு நம்பர் வரும், கீழ இரும்பு அலமாரியில அந்த நம்பர அடிச்சாத் திறக்கும். ஒரு நாளைக்கு மேல விட்டுட்டா வாசல்காரர் லியாங் உன்னத் திட்டுவாரு. அவருக்கு எல்லாரையும் தெரியும். யார் எப்ப வெளிய போனா, கையில என்ன பை இருந்துச்சுன்னு எல்லாம் தெரியும். போர்வ மூட்டைன்னா கண்டுக்க மாட்டாரு.

போன்ல காசு குடுக்கறப்போ ஒண்ணு பாத்துக்கோ. யாராவது பிரியமா வந்து, என் அட்டையோட உன் போன இணைச்சு விடறேன், நீ செலவு பண்ணுன்னு சொன்னா, வேணாம்னுடு. ஷாவ்போ எனக்கு அப்படித்தான் பண்ணி விட்டிருக்கான். தாராளமா செலவு பண்ணும்மாங்கறான், நானும் பண்றேன். ஆனா நான் ஒரு கட்டு கீரை வாங்கினா அங்க அவன் போன்ல டிங்குங்குது. அம்மா, இன்னிக்குக் கீரையாங்கறான். ஆசையாத்தான் கேக்கறான். காய்கறி விக்கற ஆயிங்தான் எனக்கு ஒரு வழி சொன்னா. கீரைக்குக் கொஞ்சம் கூடுதலாப் போடுங்க அக்கா, மிச்சத்தக் காகிதக் காசாக் கையில தர்றேன்னா. ஏன் கூடுதல்னு அவன் கேட்டா, பூண்டும் வாங்கினேன்னுடுவேன். அதனால போன மாசம் பூரா என் பையன் கணக்குல நாங்க வீட்ல பூண்டாத் தின்னோம்.

எதுக்குக் காகிதமா? சொல்றேன். நீ மணிய உருட்டு.

நான் சொல்றதுல இதுதான் முக்கியமானது, இத மிலேனா கூட சொல்லல, நானே கண்டுபுடிச்சது. இந்த ஊர்னு இல்ல, எங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, நல்லா இருக்கோம்னா, சரி, நல்லா இருக்காங்க. நல்லா இருக்கோம், எல்லாம் நல்லா இருக்கு, நீ கவலப்படாதன்னு மூணு தடவ சொன்னாங்கன்னா, அப்ப ஏதோ ஆயிடுச்சு. தூரத்துல இருக்கறவங்களுக்குக் கெட்டத சொல்லக் கூடாது எங்கள்ல. சொல்லி என்ன ஆகப்போகுது, அவங்களும் சேந்து தூங்காமக் கெடக்கணுமா? அது பொய் இல்லம்மா. எங்களுக்கு அது பாசம். நானே பண்ணியிருக்கேன். எனக்கு மூணு வருஷம் முன்னாடி பித்தப்பையில கல்லு எடுத்தாங்க. அவருகிட்ட ரெண்டு வாரம் சந்தையில நல்ல முள்ளங்கி வந்திருக்குன்னு பேசினேன், ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு.

ஞாயித்துக்கிழம சாயந்தரம் நாங்க போன்ல மூஞ்சி பாத்துப் பேசுவோம். அவரு முன்னாடி லாரி ஓட்டினவரு. ராத்திரி தூக்கம் வராம இருக்க சூரியகாந்தி விதை கடிச்சுக் கடிச்சுப் பழகிட்டாரு. என்கிட்ட பேசறப்பவும் கடிப்பாரு. டிக், டிக்னு ஒரு சத்தம். நான் கோவிச்சுப்பேன், நான் பேசறது பெருசா, விதை பெருசான்னு. ரெண்டுமேம்பாரு.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழம அந்த சத்தம் இல்ல. பொண்ணு போனப் புடிச்சிருந்தா. அப்பாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சும்மா, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நல்லா இருக்காரு, எல்லாம் நல்லா இருக்கு, கவலப்படாதன்னா. மூணு தடவ. அவரு தொப்பி போட்டு உக்காந்திருந்தாரு. தல ஆட்டினாரு. அடுத்த வாரமும் அதே. அதுக்கு அடுத்த வாரம் கழுத்துல ஒரு துண்டு, வலது பக்கம் கன்னம் மறையற மாதிரி. படத்துல பாதி மூஞ்சிதான் தெரியும்.

ஆறாம் மாடியில ஃபர்ஹான்னு ஒரு பாகிஸ்தான் பையன் இருந்தான், இங்க டாக்டருக்குப் படிச்சவன். அவன ஒரு ஞாயித்துக்கிழம என் பின்னாடி நிக்கச் சொன்னேன். பல்பு மாட்ட வந்தவன் மாதிரி ஸ்டூல் மேல நில்லுன்னேன். நின்னான். போன வச்சதுக்கு அப்புறம் இறங்கி வந்து, அம்மா, ஐயாவுக்கு மூளைல ரத்தக் குழாய் அடைச்சு வலது பக்கம் விழுந்திருக்கு, பேச்சும் போயிருக்கு, எத்தன மாசம் ஆச்சுன்னான். அப்படியே கேட்டான். எங்க ஆளுங்களா இருந்தா இன்னும் மூணு வருஷம் பல்பு மாட்டிக்கிட்டு நின்னிருப்பாங்க. அதுக்குத்தான் அவனக் கூப்பிட்டேன். நீங்க எல்லாம் கேட்டா நேரா சொல்லிடுவீங்க. அது ஒரு நல்ல குணம், இங்க இருந்து கெட்டுப் போகாதீங்க.

ஷாவ்போவுக்கா? தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் மறைக்கறாங்க. ஜனவரியில சளி புடிச்ச மாதிரி மூக்க உறிஞ்சிக்கிட்டே சுத்துனான் ஒரு வாரம், அப்ப வுஹான் போயிட்டு வந்திருக்கான். வியாபாரமா ஷாங்காய் போறேன்னுட்டுப் போனான். பையில வுஹான் எள்ளு நூடுல்ஸ் வாசனை. நான் கேக்கல.

ஏன் கேக்கலன்னா எப்படிச் சொல்றது. கேட்டா அவங்க இத்தன மாசம் பட்ட பாடு வீணாப் போயிடும். அவங்கள விடு. அவரு இருக்காரே, ஞாயித்துக்கிழம பத்து நிமிஷத்துக்காக ஷேவ் பண்ணி, தொப்பி போட்டு, நேரா நிமிந்து உக்கார்றாரு. நாற்காலிக்குப் பின்னாடி தலகாணி வச்சு நிமித்தி வச்சிருக்காங்க, ஒரு தடவ முனை தெரிஞ்சுது. எனக்காக அவ்வளவு சிரமப்படறவருகிட்ட போயி, எனக்குத் தெரியும்னு சொல்ல வாய் வரல. அதனால நான் பேசறேன். முள்ளங்கி, மழை, லிஃப்டு, புதுசா யாரு வந்திருக்கா. கேள்வியே கேக்க மாட்டேன். கேட்டா அவரு பதில் சொல்லணுமே. பதில் வராத ஆளுகிட்ட பேசிப் பேசி எனக்கு இப்ப நல்லாப் பழகிடுச்சு. உன்கிட்ட பாரு, வாயே ஓயல.

அட, அழாத. உனக்கு என்ன தெரியும் அவர, நீ எதுக்கு அழற. மூக்கத் தொடச்சுக்கோ. மணி என்ன?

பத்தே முக்காலா? சரி.

கேக்குதா? சங்கிலி சத்தம். வந்துட்டாங்க. ஆமாங்க, கேக்குது! ரெண்டு பேரும் உக்காந்துதான் இருக்கோம்! சரிங்க, எழுந்திருக்க மாட்டோம்!

மெல்ல மேல தூக்குவாங்க, ஒரு குலுக்கு குலுக்கும், பயப்படாத, என் கையப் புடிச்சுக்கோ. இப்ப நான் சீக்கிரம் சொல்றேன், கவனமாக் கேளு. இந்தக் கவர்ல உனக்கு வேண்டியது எல்லாம் இருக்கு. வீட்டுப் பத்திரத்தோட நகல், ஷாவ்போ அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்தம். இந்தத் தாள நான் எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துக் கொஞ்சம் கோணலா இருக்கும், நான் ஆறாவதோட நின்னவ. வீடு வாடகைக்கு விட்டவரோட அம்மாவுக்கு அவசரம், வர முடியல, இந்தப் பொண்ணுக்கு உதவி பண்ணுங்கன்னு இருக்கு. சென் அம்மாகிட்ட குடு. என்னத் தெரியும் அதுக்கு, ஏழு வருஷமா எத்தன பேரக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நேத்து ராத்திரியெல்லாம் யோசிச்சேன், உன்னப் பாதியில விட்டுட்டுப் போறது பாவம்னு. காலைல சாமி முன்னாடி உக்காந்தப்போ, சொல்லிக் குடுத்துட்டுப் போனா பாதியில விட்டது ஆகாதுன்னு தோணுச்சு. கீழ போறதுக்குள்ள வழி மட்டும் சொல்லலாம்னுதான் லிஃப்ட்ல ஏறுனேன். அதுதான் இவ்வளவு நேரம் குடுத்துடுச்சு. வாத்துக்கட, பாங்கு, அடுத்த சந்து. எங்க, திருப்பிச் சொல்லு.

ஆங். நீல போர்டு. கண்ணாடிக் கதவு. நல்லது, புத்திசாலி.

ஆமாம்மா, இன்னிக்குத்தான். பன்னெண்டு நாப்பத்தெட்டு வண்டி. முந்தாநாள் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு தெற்கு ரயில் ஸ்டேஷனுக்குப் போயி, ஆள் உக்காந்திருக்கற ஜன்னல்ல என் அட்டை நகலக் காட்டி, பூண்டுக் காசக் குடுத்து டிக்கெட்டு வாங்கினேன். நீயும் பாஸ்போர்ட் வச்சு ரயில் ஏறுனா தானாத் திறக்கற கதவுல நிக்காத, அது உன்னப் படிக்காது, கோடியில ஆள் நிக்கற வழிக்குப் போ. என் அட்டையா? ராத்திரி அவன் டிராயர்லேர்ந்து எடுத்துட்டேன். என் பொருளத்தான் எடுத்தேன். நீ உக்காந்திருக்கற மூட்டையில இருக்கறது போர்வ இல்ல, என் துணி. போன நான் மறக்கல. அதுல நான் எங்க இருக்கேன்னு புள்ளி காட்டும். அது வீட்ல சாமி விளக்குப் பக்கத்துல சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப அவன் பாத்தா அம்மா வீட்ல இருக்காங்கன்னு நெனப்பான்.

சொல்லிட்டே போயிருக்கலாம், ஆமா. சொன்னா, அம்மா, அப்பா நல்லாத்தான் இருக்காரு, எல்லாம் நல்லா இருக்கு, அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போறேன்னுவான். அவன் அப்படிச் சொன்னா நான் சரின்னுடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். அறுபத்தி மூணு வயசாச்சு, அவன்கிட்ட ஒரு தடவகூட வேணாம்னு சொன்னதில்ல.

அங்க போயி என்ன பண்ணுவேன்னா கேக்கற? கதவத் தட்டுவேன். பொண்ணு திட்டும், அழும். அவரு தொப்பி இல்லாம இருப்பாரு. இருக்கட்டும்.

குலுங்குது பாரு, புடிச்சுக்கோ. தாயே. ஆங், ஏறுது. வெளிச்சம் தெரியுதா மேல? பதினோராம் மாடி. நான் படியில இறங்கிக்கறேன், நீ கொஞ்சம் மெதுவா வா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா லியாங் நின்னு பேச ஆரம்பிச்சுடுவாரு. மணிய நீயே வச்சுக்கோ. இல்ல, குடு, வேணும்.

ருத்தா, ஒரே ஒரு உதவி. இந்தத் தாளுக்குப் பின்னாடி ஷாவ்போ நம்பர் எழுதியிருக்கேன். ரெண்டு மணிக்கு அவனுக்கு ஒரு வரி அனுப்பு. அதுக்கு முன்னாடி வேணாம், ரெண்டுக்குள்ள வண்டி ஷாவ்குவான் ஊரத் தாண்டியிருக்கும், அவனால என்னத் திருப்ப முடியாது. அம்மா அப்பாகிட்ட போறாங்க, சாப்பிட்டுட்டாங்கன்னு போடு. சாப்பிட்டுட்டாங்கங்கறத மட்டும் விட்டுடாதம்மா.